15 ஆயிரம் ரூபாயில் ஹால் மாறியது!

செகண்ட் ஹேண்ட் சாமான் என்றாலே முகம் சுளிக்கிற சகோதரிகள் நம்மில் நிறைய பேர் உண்டு. 'வக்கில்லாதவங்கதான் அடுத்தவங்க உட்கார்ந்த நாற்காலியை வாங்குவாங்க' என்று என் காதுபடவே சொன்னவர்களும் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும். போன தை மாதம் எங்கள் வீட்டு ஹாலை முழுக்க முழுக்கப் பழைய மரச்சாமான்களை வைத்தே மாற்றி அமைத்தேன். ஆன செலவையும், கற்றுக்கொண்டதையும் எழுதினால் யாருக்காவது உதவும் என்றுதான் இந்தக் கடிதம்.

எங்களுடையது புதுக்கோட்டையில் ஒரு சாதாரண வீடு. ஹால் 10 அடிக்கு 14 அடி. அதில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு ரெக்சின் சோபா செட், என் கல்யாணத்துக்கு அம்மா வீட்டுச் சீராக வந்தது. நாலாம் வருஷமே ரெக்சின் உரிய ஆரம்பித்தது. அப்புறம் ஸ்பிரிங் தொய்ந்து, நடுவில் உட்கார்ந்தால் குழிக்குள் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கு அது ஒரே குஷி. என் மாமனாருக்குத்தான் தண்டனை.

மாமாவுக்கு 74 வயது. ஒருமுறை வழுக்கி விழுந்ததிலிருந்து முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை. அந்த சோபாவில் உட்கார்ந்தால் தானாக எழ முடியாது, யாராவது கையைப் பிடித்து இழுக்க வேண்டும். ஒருநாள் கொழுந்தனார் வீட்டுச் சம்பந்திகள் வந்திருந்தபோது, என் வீட்டுக்காரர் ஒரு கையும் பையன் ஒரு கையுமாகப் பிடித்து அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். வந்தவர்கள் ஒன்றும் நினைக்கவில்லை. மாமா நினைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஹாலுக்கு வருவதையே விட்டுவிட்டார். காபி, பேப்பர், சாப்பாடு எல்லாம் அறைக்கே. டி.வி.யில் செய்தி ஓடும்போது "வந்து பாருங்க மாமா" என்று கூப்பிட்டால், "சத்தம் கேக்குதும்மா, போதும்" என்று கட்டிலில் இருந்தபடியே பதில் வரும். ஒரே வீட்டுக்குள் ஒரு மனுஷர் விலகிப் போய்க்கொண்டே இருந்தார்.

சரி, புது சோபாவே வாங்கிவிடலாம் என்று கடைக்குப் போனோம். பிடித்த செட் 34 ஆயிரம். "மாசா மாசம் கட்டுங்க மேடம், தெரியவே தெரியாது" என்றார் கடைப் பையன். மாதத் தவணை என்பது நமக்குத் தெரியாமலா போகும்! நான் கையோடு கொண்டு போயிருந்த தையல் டேப்பை எடுத்து உயரம் அளந்தேன். தரையிலிருந்து உட்காரும் இடம் 15 அங்குலம். அதிலும் மெத்தை இன்னும் இரண்டு அங்குலம் அமுங்கும். மறுபடியும் அதே குழிதான், புது ரெக்சினில். என் கையில் இருந்ததோ சீட்டு எடுத்த பணம் 15 ஆயிரம். "பழசு பார்க்கலாங்க" என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

வீட்டில் பெரிய எதிர்ப்பு. "யார் வீட்டு நாற்காலியோ, கடைசியா யார் உட்கார்ந்ததோ" என்றார் வீட்டுக்காரர். அவர் சொல்ல வந்ததை அத்தை பச்சையாகவே சொல்லிவிட்டார்கள்: "செத்தவங்க சாமானா இருந்தா என்னடி செய்வே?" இதற்கு அறைக்குள்ளிருந்து மாமாதான் பதில் சொன்னார். "ஆபீசுல 30 வருஷம் நான் உட்கார்ந்த சேர்ல எனக்கு முன்னாடி நாலு பேரு உட்கார்ந்தாங்க. எல்லாரும் ரிடையர்தான் ஆனாங்க, ஒருத்தரும் பேயா வரலை!" அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. சாமான் வந்ததும் மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஒரு நாள் வெயிலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்கள். சாஸ்திரம் இருக்கட்டும், பழைய சாமானை வெயிலில் வைப்பது நல்ல பழக்கம்தான் என்பது பிறகு எனக்கே தெரிந்தது.

முதல் வேலையாக மாமாவை அளந்தேன். அவர் காலைத் தரையில் பதித்து உட்கார்ந்திருக்கும்போது, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை 17 அங்குலம் இருந்தது. முட்டி வலி உள்ளவர்களுக்கு அதைவிட ஒரு அங்குலம் கூடுதலான உயரம் இருந்தால் எழுவது சுலபம். கைப்பிடி முன்னால் வரை நீண்டிருந்தால்தான் ஊன்றி எழ முடியும். இந்த இரண்டும் இல்லாத நாற்காலி எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்குவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். நம் வீட்டில் உட்காரப் போகிறவர்களை அளந்துவிட்டுக் கடைக்குப் போனால் பாதி அலைச்சல் மிச்சம்.

எங்களுக்குக் காரைக்குடி பக்கம். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நகரத்தார் பர்மாவில் வியாபாரம் செய்த காலத்தில் அங்கிருந்து கப்பலில் கொண்டு வந்த தேக்கில் இழைத்த வீடுகள் செட்டிநாடு முழுக்க உண்டல்லவா? 1942ல் ஜப்பான்காரர்கள் பர்மாவைப் பிடித்ததோடு அந்த வியாபாரம் போயிற்று. வாரிசுகள் சென்னை, வெளிநாடு என்று போய்விட, ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள். பராமரிக்க முடியாமல் பிரித்து விற்கப்பட்ட வீடுகளின் தூண், கதவு, நிலை, நாற்காலி, பீங்கான், எனாமல் பாத்திரம் எல்லாம் இந்தத் தெருவுக்கு வந்து சேர்கிறது. யார் யார் கல்யாணத்துக்கோ வாங்கின சாமான்கள் தெருவோரம் நிற்பதைப் பார்க்கும்போது மனசு என்னவோ போலத்தான் இருக்கிறது.

வாசலில் பளபளவென்று வைத்திருப்பதெல்லாம் ஓட்டல்காரர்களுக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கும். விலையைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். கடையின் பின்புறம் தூசியும் தும்புமாக, பிரம்பு கிழிந்து, பாலிஷ் போய்க் கிடப்பதுதான் நமக்கு. நான் இரண்டு முறை பஸ்ஸில் போய் வெறுமனே பார்த்துவிட்டு வந்து, மூன்றாவது முறைதான் பணத்தோடு போனேன். சென்னைச் சகோதரிகளுக்குப் பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை சந்தை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் மாற்றல் ஆகிப் போகிற பேங்க் ஆபீசர்கள், மூடுகிற டியூஷன் சென்டர், கிளினிக் இவற்றை விசாரித்து வையுங்கள். நல்ல சாமான் கடைக்குப் போகாமலே கை மாறிவிடுகிறது.

வாங்குமுன் பார்க்க வேண்டியதை எங்கள் ஆசாரிதான் சொல்லிக் கொடுத்தார். "மேலே பார்க்காதீங்கம்மா, கவுத்துப் பாருங்க" என்பார். நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் பாலிஷ் படாத அடிப்பக்கம் தெரியும். அங்கேதான் மரத்தின் உண்மையான நிறம் இருக்கும். பலகையின் ஓரத்தில் மேலே ஓடுகிற மர ரேகை தொடர்ந்து இறங்கினால் அது முழு மரம். மேலே அழகான ரேகை இருந்து, ஓரத்தில் ரவை மாதிரி துகள் துகளாக இருந்தால், மரத்தூளைப் பசை போட்டு அழுத்தின பலகை. அதில் ஒருமுறை ஸ்குரூ கழன்றால் மறுபடி பிடிக்காது, தண்ணீர் பட்டால் ஊறிப்போகும். பழசில் அதைத் தொடவே கூடாது. தேக்கு என்று சொன்னால் அடியில் நகத்தால் லேசாகச் சுரண்டி முகர்ந்து பாருங்கள். தேக்குக்கென்று ஒரு எண்ணெய் வாசம் உண்டு, அந்த எண்ணெய்ப் பசைதான் அதைக் கரையானிடமிருந்து காப்பாற்றுகிறது. அதுவும் வைரம் பாய்ந்த நடுப்பகுதிக்குத்தான். வெளேரென்று இருக்கும் வெளிப்பக்க மரம் தேக்கானாலும் உளுத்துப் போகும்.

குண்டூசி முனை அளவு ஓட்டைகள் இருந்தால் பயந்து ஓட வேண்டியதில்லை. கீழே ஒரு பேப்பரை விரித்து, மரத்தைத் தட்டுங்கள். மாவு மாதிரி புதுத்தூள் கொட்டினால் உள்ளே வண்டு இன்னும் வேலை செய்கிறது, வேண்டாம். ஒன்றும் கொட்டாமல், ஓட்டை உள்ளே கறுத்திருந்தால் பெரும்பாலும் பழைய கதை. அப்புறம் உட்கார்ந்து இடமும் வலமும் ஆடிப் பாருங்கள். சட்டம் சட்டத்தோடு சேரும் இடம் ஆடினால் ஆப்பு அடித்து, பசை போட்டுச் சரி செய்யலாம். கால் நெடுக வெடித்திருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மூட்டைப்பூச்சிதான் எனக்குப் பெரிய பயம். பிரம்பு ஓட்டை, ஸ்குரூ குழி, மூலை இடுக்கு எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகுத்தூள் சிந்தின மாதிரி கரும்புள்ளி இருந்தால் அங்கே குடித்தனம் இருக்கிறது என்று அர்த்தம். மரத்தை மட்டும் வாங்குங்கள், மெத்தையையும் குஷனையும் வாங்கவே வாங்காதீர்கள். நான் கொண்டு வந்த சாமான்களில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் பாலிஷ் போடுவதற்கு முன்பே இடுக்குகளில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, மூன்று நாள் மொட்டை மாடி வெயிலில் காய வைத்தேன். அத்தையின் மஞ்சள் தண்ணீரும் சேர்ந்துகொண்டது.

இன்னொன்று, பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு மிக முக்கியம். அழகான பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு அலமாரி 2,000 ரூபாய்க்குக் கிடைத்தது. பெயின்ட் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பழைய பெயின்ட்களில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. வீட்டுப் பெயின்ட்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் சட்டம் போட்டதே 2016ல்தான், நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி குழந்தைகள் வாய்க்குள் போகும், மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாலிஷ் போட்ட மரமாகப் பார்த்து வாங்குங்கள்.

கடைசியில் வாங்கியது: கைப்பிடி வைத்த தேக்கு நாற்காலி இரண்டு, பிரம்பு ஆசனம். ஜோடி 7,000 சொன்னார், ஒன்றில் பிரம்பு கிழிந்திருந்ததைக் காட்டிப் பேசி 4,500க்கு முடித்தேன். அதே கடையில் நாலடி உயரக் கண்ணாடி அலமாரி 3,200. அதன் முதுகுப் பலகையைக் கரையான் தின்றிருந்தது, சட்டம் மட்டும் கல் மாதிரி. உள்ளூரில் மூடிவிட்ட டியூஷன் சென்டரில் ஐந்தடி பெஞ்ச் 1,500. எல்லாவற்றையும் ஏற்றி வர குட்டி யானைக்கு 1,800 ஆனது. வாடகை வண்டிச் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், சாமானை மலிவாக வாங்கிவிட்டு வண்டிக்காரரிடம் வாயடைத்து நிற்க வேண்டாம்.

கிழிந்த பிரம்பைப் பின்ன ஆசாரி ஒரு பெரியவரை அழைத்து வந்தார். கண் பார்வை இல்லாதவர். ஒரு காலத்தில் அரசு அலுவலக நாற்காலிகளுக்குப் பின்னியவராம். பிரம்பைத் தண்ணீரில் ஊறப் போட்டு, நேராக இரண்டு இழை, குறுக்காக இரண்டு இழை, பிறகு மூலைவாட்டத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என்று விரலாலேயே ஓட்டையை எண்ணி எண்ணிக் கோத்தார். பிள்ளைகள் இரண்டும் ஸ்கூல் விட்டு வந்து யூனிபாரம் மாற்றாமல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டன. கூலி 900. இன்னொரு நாற்காலியில் பிரம்பு கிழியவில்லை, தொய்ந்து மட்டும் இருந்தது. "இதைப் பின்ன வேண்டாம், காசு தண்டம்" என்று அவரே ஒரு வழி சொன்னார். நாற்காலியைக் கவிழ்த்து, வெந்நீரில் நனைத்த துணியை அடிப்பக்கம் அரை மணி நேரம் போட்டு வைத்து, பிறகு யாரும் உட்காராமல் ஒரு ராத்திரி முழுக்க நிழலில் காய விட்டேன். காலையில் தட்டினால் மேளம் மாதிரி இறுகியிருந்தது! வீட்டில் தொய்ந்த பிரம்பு நாற்காலி வைத்திருக்கும் சகோதரிகள் இன்றைக்கே செய்து பாருங்கள். நிஜப் பிரம்புக்குத்தான் இது, பிளாஸ்டிக் ஒயருக்கு ஆகாது.

பாலிஷ் நானே போட்டேன். ஆள் வைத்தால் நாள் கூலி 1,000க்கு மேல் கேட்கிறார்கள். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 200 கிராம் அரக்குச் செதிலை ராத்திரியே ஊறப் போட்டு, மறுநாள் வடிகட்டிக்கொள்ள வேண்டும். மரத்தை உப்புத்தாளால், ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டு, பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் பொட்டலமாகக் கட்டி, நனைத்துப் பிழிந்து மெல்லிசாகத் தேய்க்க வேண்டும். ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்தது. நான் ஆறு பூச்சு பூசினேன். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்படிப் பக்கமே கொண்டு போகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் போட்டால் பாலிஷ் வெள்ளையாகப் பூத்துவிடும், தை, மாசிதான் சரி. உப்புத்தாள், அரக்கு, ஸ்பிரிட், பஞ்சு எல்லாம் சேர்த்து 850. இந்த பாலிஷில் ஒரே குறை, சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும். அத்தை குரோஷா ஊசியில் சின்னச் சின்னதாக ஆறு விரிப்பு பின்னிக் கொடுத்தார்கள்.

ஆசாரி அலமாரிக்குப் புது முதுகுப் பலகை அடித்தார். மாமாவின் நாற்காலிக் கால்களுக்கு அடியில் ஒரு அங்குலக் கட்டை வைத்து 18 அங்குலமாக உயர்த்தினார். கட்டைக்குக் கீழே கைத்தடிக்குப் போடுகிற ரப்பர் குப்பி மாட்டச் சொன்னேன். டைல்ஸ் தரையில் நாற்காலி பின்னால் வழுக்கினால் ஊன்றி எழுகிறவர் விழுந்துவிடுவாரே. பலகை, கட்டை, கூலி எல்லாம் 1,300. பெஞ்சுக்கு இலவம்பஞ்சு மெத்தையும் உறையும் 1,600. டீப்பாய் வாங்கவில்லை. பரண் மேல் இருந்த ட்ரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்து, மேலே துணி விரித்தாகிவிட்டது. உள்ளே கம்பளி, போர்வை. என் பழைய கைத்தறிச் சேலை இரண்டு ஜன்னல் திரையாயின.

சோபாவை விற்பதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, அப்பா கடன் வாங்கிச் செய்த சீர். அம்மாவுக்குப் போன் போட்டு மென்று விழுங்கினேன். "அட, அதுவும் எத்தனை வருஷம்தான் உழைக்கும்? பெரியவர் உட்கார இடமில்லாம அதைக் கட்டிக்கிட்டு அழுவியா?" என்று அம்மாவே முடித்துவிட்டார்கள். போனில் விளம்பரம் போட்டதும் ஒருவர், "பணம் அனுப்புறேன், நான் அனுப்புற கட்டத்தை ஸ்கேன் பண்ணி உங்க பின் நம்பரைப் போடுங்க" என்றார். பணம் நம்மிடமிருந்து போவதற்குத்தான் பின் நம்பர், வருவதற்குத் தேவையே இல்லை. போனை வைத்துவிட்டேன். பிறகு பக்கத்துத் தெரு டைலர் நேரில் வந்து 800 ரூபாய் கையில் கொடுத்து எடுத்துப் போனார்.

மொத்தச் செலவு 15,650. சோபா விற்ற 800ஐக் கழித்தால் 14,850. மிச்சம் 150. (நான் காரைக்குடிக்குப் போன பஸ் செலவைக் கேட்காதீர்கள், அது மளிகைக் கணக்கில் போய்விட்டது!)

பெஞ்சை நீளச் சுவரோரம் போட்டதும் ஹாலில் நடக்கத் தாராளமாக வழி கிடைத்தது. மாமாவின் நாற்காலியை ஜன்னல் பக்கம், இடது தோளில் வெளிச்சம் விழுகிற மாதிரி போட்டேன். வழியில் கால் மிதி எதுவும் இல்லாமல் எடுத்துவிட்டேன், கால் தடுக்கும். முதல் நாள் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வரமாட்டார் என்று தெரியும். சாயங்காலம் செய்தி நேரத்துக்குச் சுவரைப் பிடித்தபடி தானே வந்தார், உட்கார்ந்தார், இரண்டு கைப்பிடியையும் தடவிப் பார்த்தார். செய்தி முடிந்ததும் கைகளை ஊன்றி ஒரே மூச்சில் எழுந்து நின்றுவிட்டு, "பர்மா தேக்கா இது?" என்று கேட்டார். "கடைக்காரர் அப்படித்தான் சொன்னார் மாமா" என்றேன். "எல்லாக் கடைக்காரனும் அப்படித்தான் சொல்லுவான்" என்று சிரித்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்தார், எழுந்து பார்ப்பதற்காகவே!

இப்போது காலைக் காபி ஹாலில்தான். வீட்டுக்காரர் இன்னொரு நாற்காலியைத் தனக்கென்று பிடித்துக்கொண்டார். 'யார் உட்கார்ந்ததோ' என்ற பேச்சையே காணோம்.

ஒரே ஒரு பாக்கி. கண்ணாடி அலமாரியின் வலது கதவுக்குப் பித்தளைக் குமிழ் இல்லை. இடது பக்கம் இருப்பது வெற்றிலைப் பாக்கு அளவில், தாமரை மொட்டு மாதிரி, நடுவில் திருகாணியோடு இருக்கிறது. காரைக்குடியில் தேடியும் ஜோடி கிடைக்கவில்லை. இந்த மாதிரி பழைய குமிழைப் பார்த்து வார்த்துக் கொடுக்கிற பாத்திரக்காரர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று தெரிந்த சகோதரிகள் இந்தப் பகுதிக்கே எழுதுங்கள். அதுவரைக்கும் அந்தக் கதவை ஒரு நூல் சுருக்குப் போட்டுத்தான் திறந்துகொண்டிருக்கிறேன்.

- ஒரு வாசகி, புதுக்கோட்டை